ஒரு சாண் நாலு விரல்

காற்றாலைக் கம்பெனியில் அத்தனை பேரும் காற்றைப் பிடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் அதைத் திறந்துவிட்டே இருபத்தோரு வருஷம் சம்பளம் வாங்கினார். அதனால் அவருக்குக் காத்து என்று பேர் விழுந்தது. மற்ற ஓட்டுநர்களுக்குக் காத்தண்ணே. சொந்தப் பேரைக் கேட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்லுவார்.

தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து காற்றாலைகள் நிற்கும் மேடு வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர் மணல். மெக்கானிக்குகளையும் அவர்களுடைய பாரமான சாமான்களையும் ஜீப்பில்தான் கொண்டுபோக வேண்டும். இறுக்கமாகக் காற்றடித்த டயர் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மணலின்மேல் போகும். ஆனால் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் வளைவில் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான அளவைக் கண்டுபிடிக்கக் காத்துக்கு மூன்று வருஷம் ஆனது. யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர அங்கே யாருக்கும் தெரியவும் தெரியாது. மாட்டிக்கொண்டு, மண்வெட்டியால் தோண்டி, வண்டியில் வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தானே கண்டுபிடித்தார். வண்டியில் பாரம் ஏற்றிய பிறகு டயர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்வார். மணலில் டயர் படிந்திருக்கும் நீளத்தைக் கையால் அளப்பார். ஒரு சாண் நாலு விரல் இருந்தால் சரி. குறைந்தால் இன்னும் கொஞ்சம் காற்றை விடு; கூடினால் ஏற்று. அவ்வளவுதான் அவருடைய வித்தை.

அவர் வண்டிக்கே நாலு டயர், போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. இருபத்தோரு வருஷத்தில் முட்டி இரண்டும் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போனது. "வீட்டுல ஒரு நாள் தரையில உக்காந்து ஒத்தாசை பண்ணினதில்ல. அந்த டயருக்கு முன்னாடி மட்டும் தினமும் எட்டுத் தடவை மண்டி போடுறீங்க" என்பாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

அவருடைய கேஜைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டயரின் வால்வில் வைத்தால் எவ்வளவு காற்று இருக்கிறது என்று முள் காட்டும் வட்டமான பித்தளைக் கேஜ். வேலைக்கு வந்த புதிதில் அது ஒரு பாறைமேல் விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தார். அதை வேறு யாரும் தொடக்கூடாது. பெட்ரோல் பங்கில் இருந்த கேஜ் எப்போதும் அவருடையதைவிடக் கூடுதலாகவே காட்டும். "ஒங்க மிஷினைத் தூக்கிக் குப்பையில போடுப்பா" என்று அவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறாரே தவிர, தன்னுடையது தப்பாக இருக்குமோ என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. கையளவும் கேஜும் அவருக்கு ஒத்துப்போயின. வண்டியும் ஒரு நாள் கூடக் கவிழவில்லை.

தம்பியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான். அண்ணனைவிடப் பதினோரு வயது சின்னவன். பதினாறு வருஷம் அண்ணனுக்குப் பின்னாலேயே இரண்டாவது வண்டி ஓட்டினான். அவ்வளவு காலமும் காற்றுக் குறைக்க வேண்டிய வேலை அவனுக்கு இருந்ததில்லை. அண்ணன் தன் வண்டியை முடித்துவிட்டுத் தம்பி வண்டிக்கும் வந்து அளந்துவிட்டுப் போய்விடுவார். "உனக்கு இதெல்லாம் எதுக்குடா, நான் இருக்கேன்ல" என்பார். அன்புதான். அந்த அன்பில், இது தன் கையைவிட்டுப் போய்விடக்கூடாது என்ற எண்ணமும் கொஞ்சம் கலந்திருந்தது.

முட்டி லேசில் மடங்க மறுத்த வருஷம், பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் புதிதாக வந்தார். மணலை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர். காத்துவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கம்பெனியில் அவரை உட்காரச் சொன்ன முதல் ஆள்.

"எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி ஒரு அட்டவணை போடணும். மணலுக்கு எவ்வளவு காத்து வைக்கிறீங்க?"

"பாரம் ஏத்தினதுக்கு அப்புறம் தடம் ஒரு சாண் நாலு விரல் இருக்கணும் சார்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "சாண், விரல்னு நான் பேப்பர்ல போட முடியுமாங்க? யாரோட சாண், யாரோட விரல்? ஒரு நம்பர் சொல்லுங்க."

காத்து தன் கேஜில் தினமும் பார்க்கும் நம்பரைச் சொன்னார். பன்னிரண்டு.

ஒரு வாரத்தில் அட்டவணை வந்துவிட்டது. பிளாஸ்டிக் உறை போட்ட தாள். மணலுக்குப் பன்னிரண்டு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில், 'தயாரித்தவர்' என்று போட்டு அவருடைய முழுப் பேர். இருபத்தோரு வருஷத்தில் அவருடைய பேர் முதல் முறையாக அச்சில் வந்தது அன்றுதான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். அடுத்த மாதத்திலிருந்து அவர் வண்டி ஓட்ட வேண்டாம், புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று அதிகாரி வாய்மொழியாகச் சொல்லியும் இருந்தார். முட்டி போன ஓட்டுநருக்கு வேறு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

அட்டவணையோடு எல்லா வண்டிக்கும் நம்பர் காட்டும் புதுக் கேஜும் வந்தது. காத்து தனக்கு வந்ததைப் பிரிக்கக்கூட இல்லை. தம்பி மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். "இனிமே நீ என் வண்டிக்கும் சேத்து முட்டி போட வேணாண்ணே. நானே பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில், மேட்டை ஒட்டிய வளைவில், தம்பியின் வண்டி கவிழ்ந்தது. உள்ளே இருந்த மெக்கானிக்குகள் இருவரும் சிராய்ப்போடு தப்பினார்கள். தம்பியின் வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

காத்து போய்ச் சேர்ந்தபோது தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். முன்பக்கத்து டயர் ஒன்று ரிம்மை விட்டுக் கழன்று கிடந்தது. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. பழக்கதோஷம், பின் டயருக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக் கையை வைத்தார். பாரமெல்லாம் இறக்கிய காலி வண்டிக்கே ஒரு சாண் ஆறு விரல் இருந்தது.

வண்டிக்குள் கிடந்த தம்பியின் புதுக் கேஜை எடுத்து வால்வில் வைத்தார். பன்னிரண்டு. தன் சட்டைப் பையிலிருந்த பித்தளைக் கேஜை எடுத்து அதே வால்வில் வைத்தார். எட்டு. மற்ற இரண்டு டயரிலும் பார்த்தார். புதியது பன்னிரண்டு, பழையது எட்டு. இத்தனை வருஷமாக அவர் பன்னிரண்டு என்று நினைத்து வைத்ததெல்லாம் பதினாறு. அவருடைய கைக்குச் சரியான அளவு தெரிந்திருந்தது. நம்பர்தான் தெரிந்திருக்கவில்லை. அந்த நம்பரைத்தான் அச்சடித்துப் பேரையும் போட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் விசாரணை. மேலாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார், அதிகாரி பக்கத்தில். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்ததைப் படித்தார்கள். வழக்கமான வேகத்தில்தான் போனேன், வளைவில் டயர் கழன்றது என்று நாலே வரி. பிறகு காத்துவைக் கேட்டார்கள்.

"டயர்ல பன்னிரண்டு இருந்திருக்கு. அட்டவணைப்படி அது சரிதானே?"

பித்தளைக் கேஜ் பையில்தான் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். அடுத்த மாதம் தொடங்கவிருந்த பயிற்சி வேலையை நினைத்தார். மடங்காத முட்டியை நினைத்தார். வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் மனைவி நிறுத்தி வைத்திருக்கும் தாளை நினைத்தார். தம்பியை நினைத்தாரா என்றால், நினைத்தார். கடைசியாக.

"அட்டவணைப்படி சரிதான் சார்."

"அப்ப வேகம்தான் காரணம்" என்றார் மேலாளர். வேறு காரணத்தைத் தேடுகிற பொறுமை அந்த மேஜையில் யாருக்கும் இல்லை. தம்பியின் வேலை போனது. கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினார்கள். அந்தத் தாளோடு அவன் வேறு எங்கேயும் வண்டி ஓட்டக் கேட்க முடியாது. கேட்பதற்குக் காலும் சரியாக இல்லை.

அண்ணனுக்குச் சொன்ன மாதிரியே பயிற்சி வேலை வந்தது. வகுப்பில் அட்டவணையை விளக்குவார். வகுப்பு முடிந்ததும் ஓட்டுநர்களை ஒவ்வொருவராக ஓரம்கட்டி, காதும் காதும் வைத்த மாதிரி, "பேப்பர்ல என்ன போட்டிருந்தாலும் நாலு கூடவே வையுங்க" என்பார். அவர்களும் பெரிய மனுஷருடைய ரகசியம் என்று தலையாட்டிக்கொண்டார்கள். "காத்தண்ணே அனுபவமே தனிதான்யா!" அதற்கப்புறம் ஒரு வண்டியும் கவிழவில்லை. அட்டவணை நன்றாக வேலை செய்கிறது என்று அதிகாரி தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்து தம்பி வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். பஸ்ஸில் மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கேஜையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா. இப்பதான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்று முகம் மலர்ந்து சொன்னாள். அவள் கோபப்பட்டிருந்தால் காத்துவுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

தம்பி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்திருந்தான். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. காத்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சிறிது நேரம் மருந்து, மாத்திரை என்று பேச்சு போனது. காத்து பைக்குள் கையை விட்டார்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும்தான் சொல்லணும்ணே. நான் முதல்ல சொல்லிடறேன்" என்றான் தம்பி. வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான். "இவகிட்டகூட நான் சொல்லல. அன்னைக்குக் கெளம்பும்போதே டயர் ரொம்பச் சப்பையாத் தெரிஞ்சுது. இத்தனை வருஷமா நீ வைக்கிறதைப் பாத்திருக்கேன்ல, அந்த மாதிரி இல்ல. ஒரு நாலு ஏத்தலாமான்னு பம்பைக் கையிலகூட எடுத்துட்டேன்."

காத்துவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"அப்புறம் பேப்பரைப் பாத்தேன். கீழ உன் பேர் இருந்துச்சு. உன்னைவிட எனக்கென்ன தெரியும்னு பம்பைக் கீழ வச்சுட்டேன்." அவன் நீட்டியிருந்த காலைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "அதனால டயர்ல காத்து சரியாத்தான் இருந்திருக்கும். நான்தான் வளைவுல எங்கேயோ அவசரப்பட்டுட்டேன் போல. உன் பேரைக் கெடுத்துட்டேனோன்னுதான் எனக்குக் கவலை. விசாரணையில உன்னை ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல" என்றார் காத்து.

"சரி, நீ என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி வரவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து இரண்டு முறை முயன்றார், முடியவில்லை. தம்பி படுக்கையில் இருந்தபடியே இந்தப் பக்கம் சாய்ந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினான்.

"பிடிச்சுக்கண்ணே, நான் தூக்கறேன்."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்தார்.