இராகு காலம் ஒன்பது மணிக்கு வந்த திங்கட்கிழமை

முதல் அடி விழுந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஈர மூட்டையை உயரத்திலிருந்து போட்டது போல ஒரு சத்தம். உப்பள ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது என் மனைவியின் தம்பி உப்பு அள்ளும் ஷவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காலடியில் மேற்கு செட் மேஸ்திரியின் தம்பி கிடந்தார். காதிலிருந்து வழிந்த இரத்தத்தை உப்புக் குவியல் குடித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் உப்பளத்தில் லோடு ஏற்றும் மேடை ஒன்றுதான். ஏற்றுவதற்கு இரண்டு செட் ஆட்கள். மேற்கு செட்டுக்கு அந்த மேஸ்திரி, இன்னொன்றுக்கு என் மச்சான். யாருக்கு எப்போது லாரி என்பதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் ஆபீஸ் மெயிலில் உள்ள காலண்டரில் போடுவேன். அது மேஸ்திரியின் போனிலும் தெரியும், துபாயில் இருக்கும் முதலாளிக்கும் தெரியும். மச்சானிடம் பட்டன் போன்தான். அவனுக்காக ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அதையே அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவேன்.

கூடவே அந்தந்த நாளின் இராகு காலத்தையும் போட்டு அடைத்துவிடுவேன். அந்த நேரத்தில் முதல் மூட்டையைத் தூக்க விடமாட்டேன். முதலாளி கோட்டக்குப்பத்து பாய். "உங்க ராகுவுக்கும் ஷிஃப்ட் போட்டாச்சாங்க?" என்று போனில் சிரிப்பாரே தவிர, ஒருநாளும் அதை அழித்ததில்லை.

அன்று மேற்கு செட்டுக்கு ஒன்பது மணி, மச்சானுக்குப் பத்தரை. அப்படித்தான் போட்டிருந்தேன். ஒன்பது மணிக்கு மேடையில் ஆளே இல்லை. பத்தரைக்கு இரண்டு செட்டும் ஒரே லாரியின் மேல் ஏறின. கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, கைகலப்பாகி, ஷவலில் முடிந்தது.

மேஸ்திரி உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். போனை என் மூக்கில் இடித்தார்.

"படிடா! எத்தினி மணி போட்டிருக்குது?"

"பத்தரை... ஆனா நான் ஒன்பதுதான்ணே போட்டேன்."

"மச்சானுக்காக என் டைமை மாத்திட்டு கதை வுடுறியா? தம்பிய ஆஸ்பத்திரில சேத்துட்டு வர்றேன். உன் மச்சான் உன் ஊட்ல இருந்தான்னா ஊட்டோட சேத்துக் கொளுத்துவேன்."

தம்பியை வேனில் ஏற்றிக்கொண்டு பாண்டிக்குப் போனார். மச்சான் அதற்குள் என் வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தான். மனைவிக்குப் போன் செய்து, அவனை வேறு ஊருக்கு அனுப்பச் சொன்னேன். "நான் ஏன் ஓடணும் மாமா? சுவத்துல பத்தரைன்னுதானே ஒட்டியிருந்துச்சு!" என்று போனுக்குள் கத்தினான். குழந்தைகள் அழுவது கேட்டது.

திரௌபதி அம்மனை நினைத்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தேன். ஒன்பது மணி என்றே காட்டியது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். முதலாளியைக் கூப்பிட்டேன். "காலண்டரைப் பகிர்ந்ததை எடுத்துட்டு, திரும்பக் கொடுத்துப் பாருங்க" என்றார். கொடுத்தேன். என் போனைத் திறந்து பார்த்தேன். அதிலும் பத்தரை. பிசாசு பிடித்தது போல இருந்தது.

அப்போதுதான் அதற்கு மேலே இருந்த வரி கண்ணில் பட்டது. இராகு காலம், ஒன்பது முதல் பத்தரை.

திங்கட்கிழமை இராகு காலம் ஏழரைக்கு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதை நான் தப்பாகப் போட்டிருக்கவே முடியாது. அப்படியானால் மொத்தமும் தள்ளிப் போயிருக்கிறது. சரியாக ஒன்றரை மணி, ஒரு முழு இராகு காலம்.

முதலாளியிடம் சொன்னேன். "துபாய்க்கும் உங்களுக்கும் ஒன்றரை மணிதாங்க வித்தியாசம். அந்த லேப்டாப் இங்க நான் வச்சிருந்தது. நாட்டை மாத்தினீங்களா?"

நான் நாட்டை மாற்றவில்லை. முந்தின வாரம் லேப்டாப் வந்தபோது அதன் மூலையில் இருந்த கடிகாரம் பின்தங்கியிருந்தது. சுவர்க் கடிகாரத்தைத் திருப்புவது போல, முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். உள்ளே அது இன்னும் துபாயிலேயே இருந்திருக்கிறது. நான் போட்ட ஒன்பதைத் துபாய் ஒன்பது என்று எடுத்துக்கொண்டு, இங்கே பத்தரை என்று அனுப்பியிருக்கிறது. இந்தியா என்று மாற்றினேன். என் கண்ணெதிரே ஒன்பது பத்தரையானது.

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர், கையில் இரும்புக் கம்பி. ஜன்னல், ஓடு எல்லாம் உடைந்து கிடந்தது. கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, தப்பு என்னுது. இதப் பாருங்க" என்று திறந்து காட்டினேன். இராகு காலத்தைக் காட்டினேன், துபாயைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் வாயில் குத்து விழுந்தது. ஒரு பல் நாக்கில் உருண்டது.

"என் தம்பி மண்டைய உடைச்சது கடிகாரமாடா?"

லேப்டாப்பைப் பிடுங்கித் தரையில் அடித்தார். கம்பியால் அடித்தார். திரை நொறுங்கி, எழுத்துப் பொத்தான்கள் தெறித்து, தகடு வளைந்து மண்ணில் புதையும் வரை அடித்தார். அந்த அடி யாருக்கு என்று எனக்குத் தெரியும். அசையாமல் நின்றேன்.

பின்னால் கதவு திறந்தது. மச்சான் வெளியே வந்துவிட்டான்.

"என் நேரத்தைப் புடுங்க வந்தீங்கன்னு நெனச்சேன்ணே. சுவத்துல எனக்குப் பத்தரைன்னு இருந்துச்சு."

மேஸ்திரி கம்பியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"என் போன்லயும் பத்தரைதான்டா" என்றார்.

கம்பியைக் கால்வாயில் எறிந்தார். "நட ஸ்டேஷனுக்கு" என்றார். மச்சான் நடந்தான். நானும் கூடவே போய், காலண்டரைத் தப்பாகப் போட்டவன் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன்.

மேஸ்திரியின் தம்பி பிழைத்தார். அம்மனுக்கு மொட்டை போட்டேன். ஆனால் அவருடைய இடக்காது மறுபடி கேட்கவே இல்லை. இப்போது காலண்டர் போட்டதும் என் போனில் முதலில் இராகு காலத்தைப் பார்க்கிறேன். அது சரியாக இருந்தால், மேற்கு செட்டுக்கு நானே நடந்து போய், அவருடைய வலப்பக்கம் நின்று நேரத்தைச் சொல்கிறேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லும் வரை அங்கிருந்து நகர்வதில்லை.