மருமகன் முன்னால் சொன்ன பதில்

மனைவி வியாகுலமேரி பக்கவாதத்தில் விழுந்த அன்றே ஆரோக்கியமுத்துவுக்கு வேலையும் போயிற்று. கீரனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் ஃபிட்டர். போன் வந்ததும் சூப்பர்வைசரிடம் சொல்லாமல், மெஷினை ஓடவிட்டபடியே வந்துவிட்டார். வேலையை விட்டு ஓடினார் என்று எழுதி, விசாரணை என்று ஒன்றை நடத்தி நீக்கிவிட்டார்கள்.

வேலையோடு இ.எஸ்.ஐ. கார்டும் போனது. அது இருந்தால் மேரிக்கு மருந்தும் பிசியோதெரபியும் இலவசம். நான் பக்கத்து வீடு, நோயாளிப் பராமரிப்பில் பயிற்சி எடுத்தவள். புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எல்லாம் என் வேலை. மடங்கிப்போன கையை நிமிர்த்துவது என்னால் ஆகாது.

வேலைநீக்கம் ஆனவர் என்று தெரிந்தால் எந்த மில்லிலும் சேர்ப்பதில்லை. ஆலங்குடியில் கட்டிக்கொடுத்த மகள் ஷர்லிதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டாள். தனியார் பள்ளி டீச்சர். கணவன் ஃபிரெடிக்கும் மாமியாருக்கும் தெரியாமல் என் போனுக்குப் பணம் அனுப்புவாள். அது அரிசிக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகும். மேரியின் கை, மில் வேலை திரும்பக் கிடைப்பதற்காகக் காத்திருந்தது.

திருச்சி தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. வக்கீல் சரண்யா படித்துப் படித்துச் சொன்னாள்.

"ஐயா, வேற வருமானம் உண்டான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லுங்க, அதானே உண்மை. எப்புடிச் சாப்புட்டீங்கன்னு கேட்டா மக குடுத்துச்சுன்னு சொல்லிருங்க."

"சொல்லிருவேம்மா."

அவர் சாட்சி சொல்லும் நாளில் ஃபிரெடி லீவு போட்டுவிட்டுக் காரோடு வந்து நின்றான். உதவியாகத்தான் வந்தான். வேண்டாம் என்று எதைச் சொல்லித் தடுப்பது? மேரியை அவள் தங்கையிடம் விட்டுவிட்டு நானும் போனேன்.

மில்லின் வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். "இத்தனை வருஷமா என்ன பண்றீங்க? கட்டிக்குடுத்த மக காசுல உக்காந்து சாப்புடுறீங்களா?"

ஆரோக்கியமுத்து பின்பெஞ்சைப் பார்த்தார். ஃபிரெடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மக காசா? நானாங்க? ஒருநாளும் இல்லங்க. மோட்டார் ரிப்பேர் பாக்குறேன். கை நெறைய வருது."

அவர் ரிப்பேர் பார்த்தது ஊரில் ஒன்றிரண்டு போர்வெல் மோட்டார். அதற்கும் டீதான் கிடைத்தது. சரண்யா பேனாவை மூடிவைத்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான் போயி உள்ளதச் சொல்லிரவா?"

"அக்கா, நீங்க வாயத் தொறந்தா எம் மக அந்த வீட்ல வாழ முடியாது."

தீர்ப்பு வந்தது. நீக்கியது தவறு, ஆனால் அந்தப் பிரிவையே மில் மூடிவிட்டது, இவருக்கும் வேறு பிழைப்பு இருக்கிறது. அதனால் வேலை கிடையாது, இடைப்பட்ட காலச் சம்பளமும் கிடையாது. மொத்தமாக ஒரு தொகை. கேட்டதில் கால்வாசிகூட இல்லை. வேலை இல்லாததால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. வக்கீல் பீஸும் கைமாற்றுக் கடனும் போக மிஞ்சியதில், கொஞ்ச மாதம் பிசியோதெரபி பார்க்கலாம் என்று நான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஃபிரெடி வந்தான்.

"மாமா, உங்க பேத்திக்குச் சர்ச்சுல புதுநன்மை குடுக்குற விசேஷம் வருது. கேஸ் பணமும் வந்துருச்சு, மோட்டார் ரிப்பேர்ல கையிலயும் காசு ஓட்டம் இருக்கு. செயினைக் கொஞ்சம் கனமாப் போட்டுருங்க. எங்கம்மா சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிருச்சு."

"அதுக்கென்ன மாப்ள, போட்டுட்டாப் போச்சு."

மறுநாள் ஷர்லி என் போனில் அழுதாள். "அத்த, செயின் வேணாம்னு சொல்லுங்க. நான் உண்மையச் சொல்லிர்றேன்."

பக்கத்தில் நின்ற ஆரோக்கியமுத்து போனைப் பிடுங்கினார். "சொல்லிட்டு எங்கிட்டு வந்து நிப்ப? இங்கிட்டா? இங்க ஒனக்குச் சோறு போட யாரு இருக்கா?"

பிசியோதெரபிக்கு என்றிருந்த பணத்தில் செயின் போட்டாயிற்று. சம்பந்தியம்மாள் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாராம்.

மேரிக்கு வாய் இன்னும் குழறும். "எப்ப... வேலக்கி?" என்று தினமும் அவரைக் கேட்கிறாள்.

"கூப்புடுவாக," என்கிறார்.

கை இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகம் உள்ளங்கையில் குத்தாமலிருக்க, துணியைச் சுருட்டி விரல்களுக்குள் வைக்கிறேன். ஈரமானால் மாற்றுகிறேன்.