வாட்ச்மேன் அக்காவின் லீவு

என் மனைவிக்கு அலுவலகத்தில் 'வாட்ச்மேன் அக்கா' என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரிந்தால் நான் ஓட்டும் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன். ஆனால் பொருத்தமான பெயர்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

அவள் மென்பொருள் எழுதுகிறவள். எந்த மென்பொருளும் தான் செய்வதை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும்: யார் உள்ளே வந்தது, எதைத் தொட்டது, எங்கே தடுக்கி விழுந்தது. அப்படி எழுதித் தரும் நிரலைச் செய்து பல கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது அவள் அலுவலகம். அதில் இவள் பங்கு ஒரு சோதனை, ஒரே ஒரு கேள்வி: "உனக்கு அனுமதி இருக்கிறதா?" பதிவை நிறுத்த, கோப்பைத் திறக்க, மாற்ற என்று எவன் வந்தாலும் அது மறிக்கும். அவனை மட்டுமல்ல, அவனை அனுப்பியவன், அந்த அனுப்பியவனை அனுப்பியவன் என்று வால் முழுவதையும் விசாரிக்கும். ஒருவனுக்கு இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. பத்து வருடமாக இல்லை, இல்லை என்று சொல்லியே அலுத்துப்போனவள். வீட்டில் டீ வேண்டுமா என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவாள்.

வேறு ஊரில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். ஒரு மாதம் கூட இருக்க வேண்டுமென்று இவள் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். லீவு கேட்டதற்கு மேலாளர் கையைப் பிசைந்தானாம். "அந்தச் சோதனையைத் தொட உங்களை விட்டா ஆளில்லையேக்கா. அது இருக்கிற வரைக்கும் நீங்க இருந்தாகணும்."

இதற்கிடையில் மேலிடத்துக்கு ஓர் ஆசை. மறுத்தால் போதாது, மறுத்ததையும் எழுதி வைக்க வேண்டும். இவள் அதற்கு ஒரு வரி சேர்த்தாள். சனிக்கிழமை காலை புதிய பதிப்பு வெளியே போனது. மதியத்துக்குள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

அனுமதி இல்லாத ஒருவன் வருகிறான். சோதனை மறுக்கிறது. மறுத்ததை எழுதக் கோப்பைத் திறக்கப் போகிறது. திறக்க அனுமதி உண்டா என்று அதே கேள்வி மறிக்கிறது. வாலில் நிற்பவன் அதே ஆள்தானே, அனுமதி இல்லை. சரி, அந்த மறுப்பையும் எழுது. எழுத அனுமதி உண்டா? கம்ப்யூட்டர் மூச்சு முட்டி விழும்வரை இதே கூத்து. அவள் விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன்.

"நான் போட்ட வரிதாங்க," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மேலாளர் போனில் வந்தான். "அக்கா, சோதனையையே எடுத்துடலாம். எல்லாம் எழுந்துக்கும். மேலயும் சரின்னுட்டாங்க. நீங்க திங்கக்கிழமை ஊருக்குக் கிளம்புங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். இவள் லேப்டாப்பைத் திறந்தாள். பிறகு, "கொஞ்சம் டைம் குடு தம்பி, சரி பண்ணிடறேன்," என்றாள்.

சரி பண்ணியும் விட்டாள். மறுப்பை எழுதும் அந்த ஓர் இடத்தில் மட்டும் பின்னால் நிற்பவனைக் கேட்காதே, நான் பொறுப்பு என்று நிரலுக்குச் சொல்லிவிட்டாளாம். கம்ப்யூட்டர்கள் எழுந்தன. சோதனை இருந்த இடத்திலேயே இருந்தது, இவளும்தான்.

எனக்கு ஆத்திரம். "எடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல? உன்னைக் கேலி பண்றவனுங்களுக்காகவா இவ்வளவும்?"

"எடுத்தா எவன் வேணா வந்து முதல்ல பதிவை நிறுத்துவான். அப்புறம் திருடுவானோ அழிப்பானோ, யார் செஞ்சான்னு தேட ஒரு வரி இருக்காது. ஆஸ்பத்திரியெல்லாம் இதை நம்பித்தாங்க ஓடுது."

"அப்ப பொண்ணு?"

போனை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். மகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பரவால்லப்பா. போன வாரமே அத்தையை வரச் சொல்லிட்டேன்." மாமியாரைத்தான் அத்தை என்பாள். "அம்மாவுக்கு லீவு கிடைக்காதுன்னு தெரியும்ல. எனக்குக் கோபமெல்லாம் இல்லப்பா."

கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

"நல்லதாப் போச்சு," என்றாள் இவள். கட்டி வைத்த பெட்டியைத் திறந்து தன் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். குழந்தைக்கு வாங்கிய சின்னச் சட்டைகள் மட்டும் பெட்டிக்குள் மிஞ்சின. மூடி என்னிடம் நீட்டினாள்.

"அந்த ஊருக்கு வண்டி எடுக்கறப்ப குடுத்துடுங்க. அம்மா குடுத்தான்னு சொல்லுங்க."