இரண்டு காலா, மூன்று காலா

கல்யாணமாகித் தச்சநல்லூருக்கு வந்த புதிதில் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. அறிவியல் பட்டமும் பி.எட்.டும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த காலம். தொண்ணூறுகளின் ஆரம்பம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த வீட்டில் இருந்தபோது அணைக்கட்டு வரைக்கும் நடந்துவிட்டு வருவேன். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே வாசலில் இரண்டு தடவை போய் நின்றாலே அத்தை, அதாவது என் மாமியார், "யாரைளா தேடுதே?" என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். நான் யாரையும் தேடவில்லை. சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் கணவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியர். கல்லூரியிலிருந்து வந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு உட்கார்ந்துவிடுவார். என்ன ஆராய்ச்சி என்று பெண் பார்க்க வந்த அன்றே என் அப்பா கேட்டார். லத்தீன் கவிதை என்று பதில் வந்தது. அதற்கு மேல் எதைக் கேட்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் கல்யாணத்துக்குப் பிறகுதான் விஷயம் விளங்கியது. ரோமாபுரியில் ஒரு கவிஞர் ஊரில் உள்ள எல்லோரையும் வைது அங்கதப் பாட்டு எழுதினார். அவர் செத்து ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து இத்தாலிக்காரர்களுக்குப் பழைய புத்தகங்கள் மேல் பெரிய மோகம் வந்தது. அச்சு இன்னும் பரவாத காலம். கூலிக்கு எழுதுகிறவர்கள் அந்தப் பாட்டுகளைப் பிரதி எடுத்தார்கள். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, ஓரத்தையும் அகலமாக விட்டு எழுதுவார்கள். பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அந்த இடத்தில் எல்லாம் பொடி எழுத்தில் விளக்கம் எழுதிக்கொள்வார்கள்.

அப்படி ஒரு பிரதி இத்தாலியில் ஏதோ ஒரு நூலகத்தில் இருந்தது. மதுரையில் இருந்த அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் படச்சுருளாக வரவழைத்து, தாளில் எடுத்துக் கொடுத்திருந்தார். அந்தத் தாள்கள் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றில் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அதில் ஒரே ஒரு நீண்ட பாட்டை எடுத்து, மூலம், மேலெழுத்து, ஓரக்குறிப்பு எல்லாவற்றையும் எழுத்து விடாமல் பெயர்த்து எழுதவேண்டும். அதுதான் ஆராய்ச்சியில் பாதி.

அவருக்குக் கண்ணாடி கனம். தாளைப் பார்ப்பதும் குனிந்து எழுதுவதும் மறுபடி நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தால் வரி தவறிவிடும். ஒருநாள் நான் அறைக்குள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீ இங்கன உக்காந்து எழுத்தைச் சொல்லிக்கிட்டே வாரியா? நான் குனிஞ்சமானைக்கு எழுதிருவேன்" என்றார். எனக்கு லத்தீன் தெரியாதே என்றேன். தெரியாமல் இருப்பதுதான் நல்லது, தெரிந்தவன் இருப்பதை வாசிக்கமாட்டான், இருக்கவேண்டியதை வாசித்துவிடுவான் என்றார்.

மூல வரிகள் சிரமமில்லை. உருண்டையான, பொறுமையான கை. மாணவனின் பொடி எழுத்துதான் உயிரை எடுத்தது. அவன் அவசரத்தில் எழுதியிருக்கிறான். ஐ, என், எம், யு எல்லாமே சின்னச் சின்ன நிற்கும் கோடுகள். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அதனால் ஒரு கோட்டுக்கு ஒரு கால் என்று நாங்களாக ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். "ஒத்தக் கால், பிறகு மூணு கால், ஏ, ரெண்டு கால்" என்று நான் சொல்லுவேன். அவர் ஐ, எம், ஏ, என் என்று போட்டுப் பார்ப்பார். வார்த்தை அமையவில்லை என்றால், "திரும்ப எண்ணு. ரெண்டு காலா, மூணு காலா?" என்பார். அத்தை கூடத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, பிள்ளையும் மருமகளும் பூரான் எண்ணுகிறார்கள் என்று சொன்னார்களாம்.

சில இடங்களில் வரிக்கு நடுவில் வெள்ளையாக இருக்கும். தாளில் சரியாக விழவில்லை என்று நினைத்துத் தாண்டிப் போனேன். அவர் நிறுத்தினார். அந்த இடத்தில் கவிஞர் கிரேக்க வார்த்தை போட்டிருப்பாராம். பிரதி எடுத்தவனுக்குக் கிரேக்கம் தெரியாது. தெரிந்தவன் யாராவது பின்னால் எழுதிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டுப் போய்விட்டான். யாரும் எழுதவில்லை.

ஓரத்தில் அங்கங்கே ஒரு கை வரைந்திருக்கும். சட்டைக் கையின் மடிப்போடு, ஆள்காட்டி விரல் மட்டும் அளவுக்கு மீறி நீண்டு, ஏதோ ஒரு வரியைக் காட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் பாட்டில் கைகள் அதிகம். ஒரு பக்கத்தில் மூன்று கூட உண்டு.

"இது எதைப் பத்தின பாட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் பேனாவைத் திருகி மூடினார். "பொம்பளையளைப் பத்தி. பொண்டாட்டிமாரை. கல்யாணம் கட்டாதேலேன்னு ஒரு சிநேகிதனுக்குச் சொல்லுத மாதிரி. அறுநூறு எழுநூறு வரிக்கு வஞ்சிருக்கான்."

"நான் இத்தனை நாள் வாசிச்சதெல்லாம் வசையா?"

"ஆமா."

"என்ன வசை?"

முழுவதும் முடியட்டும், மொத்தமாகச் சொல்கிறேன் என்றார். அவர் ஒளிக்கவில்லை. பாதியில் அர்த்தம் சொன்னால் நான் ஊகித்து வாசிக்க ஆரம்பித்துவிடுவேன் என்பதுதான் அவர் பயம். ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. யாரோ நம்மைப் பற்றிப் பக்கத்து அறையில் பேசுகிறார்கள், குரல் கேட்கிறது, வார்த்தை மட்டும் கேட்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? சோறு வடிக்கும்போதும், துணி உலர்த்தும்போதும் அந்த விரல் எதைக் காட்டியது என்றே மனது ஓடும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து நேர்முக அட்டை வரவில்லை, இந்த அர்த்தமும் வரவில்லை.

பகலில் அவர் போனதும் அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லத்தீனில் வார்த்தை அகராதியில் இருக்கிறபடி பாட்டில் இருக்காது. வாலை மாற்றிக்கொண்டு வரும். தலை சுற்றியது. உதவிக்கு வந்தவன் அந்த மாணவன்தான். கடினமான ஒவ்வொரு வார்த்தைக்கு மேலேயும் அவன் சுலபமான வார்த்தை ஒன்றை எழுதி வைத்திருந்தான். அவனுக்கும் புரியவில்லை, அதனால் எழுதிக்கொண்டான். ஓரத்தில் இன்ன பெயர் ஒரு மலைக்கு, இன்னாள் ஒரு ராஜாவின் மனைவி என்று குறித்திருந்தான். வாத்தியார் சொன்னதைக் காதில் தப்பாக வாங்கி வேறு பெயரை எழுதிய இடங்களும் இருந்தன. அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மழைக்காலம் போவதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரிய ஆரம்பித்தது. குடிக்கிற மனைவி. வேலைக்காரியை அடிக்கிற மனைவி. ஜோசியத்துக்குப் பின்னால் அலைகிற மனைவி. சில வசைகளுக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஆட்கள் இருந்தார்கள். சிலதுக்குத் தாளைக் கிழித்துவிடலாம் போல இருந்தது.

பாட்டில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நாங்கள் எழுதியதை அச்சுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"இங்கன ரெண்டு வரியைக் காணோம். நீதான் விட்டுட்டே."

"இருக்கதத்தானே வாசிச்சேன்."

"அச்சுல இருக்கு, நம்ம எழுத்துல இல்லை. பின்ன யாரு விட்டது? உனக்கு ஒரு இடத்துல மனசு நிக்கமாட்டேங்கு. வாசல்ல பாதி, தாள்ல பாதி."

அவர் பிறகும் ஏதோ சொன்னார். இத்தனை மாதம் கூலியில்லாமல் கால் எண்ணியவளுக்கு இந்தப் பேச்சு வேண்டுமா? பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அத்தை எங்கே என்று கேட்டதற்கும் நிற்கவில்லை. ஜங்ஷன் வரை நடந்து, அங்கிருந்து குறுக்குத்துறைக்கு நடந்தேன். ஆற்றில் தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து பார்த்தேன், உட்கார முடியவில்லை. எழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். நான் விட்டிருப்பேனோ என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டிருந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

இருட்டும் முன்னால் வீட்டுக்கு வந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். கையில் தாள். முகம் பூவாக மலர்ந்திருந்தது.

"நீ விடலை. அவந்தான் விட்டிருக்கான். பிரதி எடுத்தவன்."

உள்ளே இழுத்துப்போய்க் காட்டினார். அச்சுப் புத்தகத்தில் ஒரு வரி முடிகிற அதே வார்த்தையில் இரண்டு வரி தள்ளி இன்னொரு வரி முடிகிறது. பிரதி எடுத்தவன் முதல் வரியை எழுதிவிட்டு நிமிர்ந்திருக்கிறான், கண் இரண்டாவது இடத்தில் போய் விழுந்திருக்கிறது, அங்கிருந்து தொடர்ந்துவிட்டான். வாத்தியாரிடம் பாடம் கேட்ட மாணவனும் கவனிக்கவில்லை. இந்தத் தவற்றை வைத்து, இவன் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினான் என்று கண்டுபிடித்துவிடலாமாம். அதே இரண்டு வரி இல்லாத பிரதி வேறெங்காவது இருந்தால் இரண்டும் ஒரு தாய்க்குப் பிறந்தவை. அவர் பேசிக்கொண்டே போனார். என்னை வைததையே மறந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

"விட்டுப்போன வரில என்ன இருக்கு?" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, "படிச்ச பொண்டாட்டி. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கையிலே பாட்டையும் இலக்கணத்தையும் பேசுதவ. அவளை வையுத இடம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு பைய, "கோவத்துல சொல்லிட்டேன்" என்றார். அன்றைக்குக் கேட்டேன், அந்த விரல் நீட்டிய கைகளைப் பற்றி. அந்தப் பையன் இந்த வசைக்கெல்லாம் ஆமாம் போட்டானா? அவர் யோசித்துவிட்டு, அது தேர்வுக்கு வரும் என்று மாணவன் கோடு போடுவது மாதிரி, ஒப்புக்கொண்டான் என்று அர்த்தமில்லை என்றார். ஒப்புக்கொள்ளவில்லை என்றும் அர்த்தமில்லையே என்றேன்.

அந்தக் கோடையில் அட்டை வந்தது. நேர்முகம் முடிந்து, களக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் போய்வர முடியாது என்று சக ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். வெள்ளி சாயங்காலம் வருவேன், திங்கள் விடியலில் கிளம்புவேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை.

நான் போனபிறகு எழுத்து நின்றுபோயிற்று. கல்லூரி மாணவன் ஒருவனை உட்காரவைத்துப் பார்த்தார். அவன் எல்லாவற்றையும் மூன்று கால் என்றானாம். டேப் ரெக்கார்டரில் தானே எழுத்துகளைச் சொல்லிப் பதிந்து, அதைப் போட்டுக்கொண்டு எழுதிப் பார்த்தார். சொல்லும்போதே தப்பாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமைகளில் நான் சேலையைக் கூட மாற்றாமல் உட்காருவேன். ஆனால் அவருக்குச் சூடு ஆறிவிட்டிருந்தது. ஒரு நாள், விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்றார். தலைப்பை மாற்றி, அச்சில் இருக்கிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்றார்.

அந்த வாரம் அந்தப் பாட்டில் மிச்சமிருந்த தாள்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவரிடம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து நானே வாசித்து நானே எழுதினேன். மேற்கே மலை நீலமாக நிற்கும். தெருவில் வாழைத்தார் லாரிகள் போகும். கூட இருந்த ஆசிரியை, "டீச்சர், இது என்ன பாஷை? பில்லி சூனியமா?" என்று கேட்டார். வரி தவறாமல் இருக்கத் தாளின் மேல் ஒரு அடிக்கோலை வைத்து, முடித்த வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே போனேன். முதல் தடவையாக எனக்கு ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வந்தது. ஆனால் கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும்.

கடைசிப் பக்கங்களில் மாணவனின் எழுத்து குறைந்துகொண்டே வந்தது. பக்கத்துக்கு ஒரு வார்த்தை, பிறகு அதுவும் இல்லை. வகுப்பை விட்டுப் போனானா, நோய் வந்ததா, அலுத்ததா, தெரியாது. வெறும் மூலம் மட்டும் பொறுமையாகப் போய்க்கொண்டிருந்தது. மேலெழுத்து இல்லாததால் அர்த்தம் பிடிக்கத் திணறினேன். ஆனாலும் முடித்தேன். நான் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் இரண்டு வாரம் அச்சோடு ஒத்துப் பார்த்தார். சில இடங்களில் திருத்தினார். மற்ற இடங்களில் தாளைத் திருப்பிக்கொண்டே போனார். அதன்பிறகு தலைப்பை மாற்றும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்து, அதற்கும் பிறகு வெகுகாலம் கழித்து வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். அன்று எங்கள் பள்ளியில் பொதுத்தேர்வு மேற்பார்வை எனக்கு, போக முடியவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இந்தப் பொடி எழுத்தை எப்படி இவ்வளவு துல்லியமாக வாசித்தீர்கள் என்று கேட்டாராம்.

"எம் பொண்டாட்டிதான் வாசிச்சா, கடைசிப் பகுதி முழுக்க அவ எழுதினதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. தன்னடக்கமாப் பேசுதேன்னு நினைச்சிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நெசமாத்தான்னு மறுபடி சொன்னேன். மறுபடி சிரிச்சாங்க."

அவர் தலைகுனிந்து கேசரியைத் தின்றுகொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லவேண்டியதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் எழுந்து கூடத்துக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். அத்தை வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போனபிறகு, பெட்டியில் மிச்சமிருக்கிற மற்றப் பாட்டுகள் இனி உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அப்படியானால் நான் கொண்டுபோகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை விடியலில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நாங்குநேரி தாண்டுவதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. முதல் தாளை எடுத்து மடியில் வைத்தேன். இந்தப் பாட்டில் அந்த மாணவன் ஓரம் முழுக்க எழுதி நிரப்பியிருந்தான். பஸ் குலுக்கிய குலுக்கலில் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. ஊரின் சத்தமும் நெரிசலும் பொறுக்காமல் ஒருவன் மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குக் கிளம்புகிற பாட்டு அது என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார். களக்காடு வரும்வரை தாளை உள்ளே வைக்கவில்லை.