எட்டுத் தூணும் ஏழு தூணும்

அந்தக் கிரேக்கக் கட்டடக் கலைஞனைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. எங்கே பிறந்தான், எப்போது செத்தான், ஒன்றும் தெரியாது. தன் கோயிலைப் பற்றி ஒரு நூல் எழுதினானாம், அதுவும் தொலைந்துவிட்டது. மிஞ்சியது ஏதென்ஸ் குன்றின் மேலுள்ள கோயில். முன்னுக்கு எட்டுத் தூண், பக்கத்துக்குப் பதினேழு. ஒஸ்லோவில் இருபத்தாறு வருடம் கட்டட வரைபடம் கீறிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஹொல்ம்லியா நூலகத்தில் அவனைப் பற்றிக் கிடைத்த மூன்று நூல்களையும் வாசித்தேன். முன்பக்கம் ஏன் இரட்டைப்படை? அப்போதுதான் நடுவில் தூண் வராது. வாசல் தெரியும், உள்ளேயிருக்கும் சிலை தெரியும். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

என் மகனுக்கு விளங்கவில்லை. பேத்தியின் கலியாணத்துக்கு மேடையின் முன்விளிம்பில் வெள்ளைக் கிரேக்கத் தூண்கள். இங்குள்ள நம்மவர்களுக்கு இப்போது அதுதான் நாகரிகம். அலங்காரக்காரர் எட்டைக் கொண்டுவந்து இறக்கினார். அறியாமல் செய்த சரி.

"எட்டு சனியன்ரை எண். ஒண்டைத் திருப்பி வண்டியிலை ஏத்துங்கோ," என்றான் மகன்.

"ஏழெண்டால் ஒண்டு நட்டநடுவிலை நிக்குமடா. மணவறையை மறைக்கும்."

"மாமா, கலியாண வீட்டிலை ஆரும் இரட்டையிலை வைப்பினமே?" என்றாள் மருமகள். "இரண்டு பக்கமும் பெரிய திரை போடுறம். அதிலை வடிவாத் தெரியும்."

திரை! என் இரண்டு மகள்மாரின் கலியாணங்களும் ஊரில் நடந்தன, அகதியான நான் அங்கே போகமுடியாத வருடங்களில். இரண்டு தாலிகட்டையும் வீடியோவில்தான் பார்த்தேன். இந்த ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தேன்.

கலியாணத்தன்று, மரியாதைக்கென்று முதல் வரிசையின் நடுக் கதிரையை எனக்குத் தந்தார்கள். எனக்கு நேரே ஏழில் நாலாவது தூண். இடப்பக்கம் சாய்ந்தால் மாப்பிள்ளையின் தோள், வலப்பக்கம் சாய்ந்தால் பேத்தியின் முழங்கை. ஐயர் தாலிக்கொடியை எடுத்துக் கொடுப்பது திரையில் தெரிந்தது. மேளக்காரர் பக்கம் கையைக் காட்டினார்.

எழுந்துபோய்த் தூணைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். உள்ளே கோறையான ரெஜிபோம், பெட்டிகளில் அடைக்கும் வெள்ளை நுரைப்பலகை. நாலு கிலோகூட வராது. மேடையிலிருந்து இறக்கினேன். கீழே வைக்க நேரமில்லை. கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. தூணை அணைத்தபடி அந்த இடத்திலேயே நின்றேன்.

மேடையிலிருந்து மகன் பல்லைக் கடித்தான். "அப்பா, இப்ப நீங்கள்தான் ஏழாவது தூண்! போய் இருங்கோ!"

இருக்கவில்லை. கொடியைக் கழுத்தில் பூட்டி முடியும்வரை பார்த்தேன். எனக்குப் பின்னால் முந்நூற்று நாற்பது பேர் என் முதுகைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர்களுக்குத்தான் திரை இருந்ததே.