ஏழுமலை வெட்டிய காடி

ஐந்து துளைகள் விழுந்த இலக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரகடத்தில் உள்ள நம் துப்பாக்கிக் கழக மைதானத்தில் ஏழுமலை அவர்களுக்காகக் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக. செயலாளர்தான் வந்தார்.

"அம்மா, ஏழுமலை போயிட்டாரு. காலைல நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழுமலை பென்னலூர்க்காரர், மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் கருவிகள் செய்யும் டூல்ரூமில் ஃபிட்டர். ஞாயிறுதோறும் கழகத்தின் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துத் தந்தவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், காலமான என் கணவரின் பிஸ்டலுக்கு என் பெயரில் உரிமம் பெற்றுக் கழகத்தில் சேர்ந்தேன். நிதானமாகச் சுட்டால் என் குறி தப்பாது. பத்து விநாடியில் ஐந்து குண்டு என்றால் மூன்றைத் தாண்டியதில்லை. ஏழுமலை பின்னால் நின்று பார்த்தார்.

"அம்மா, நீங்க சுடல. தேடிக்கினு கீறீங்க."

"நிதானம் தவறா, மிஸ்டர் ஏழுமலை?"

"நிதானத்த ரேஷன் கடை க்யூவுல காட்டுங்கம்மா. இங்க கடிகாரம் ஓடுது."

பிறகு விளக்கினார். குறிபார்க்க உதவும் பின் சைட்டில் வெட்டிய சிறு பள்ளம்தான் காடி. அதற்கு நடுவே முன் சைட்டின் முள் தெரிய வேண்டும். முள்ளின் இரு பக்கமும் சமமான வெளிச்சம். ஒடுக்கமான காடி துல்லியம் தரும். ஆனால் வயதான கண் அந்த மயிரிழை வெளிச்சத்தைத் தேடியே நேரத்தைத் தொலைக்கும். "இது சார் கண்ணுக்கு வெட்டினது. உங்களுக்குக் கொஞ்சம் அகலமா வேணும். ரொம்ப அகலமானா குறி அலையும். அளவ நான் பாத்துக்கறேன்."

"அதில் கை வைக்கக் கூடாது" என்றேன். என் கணவரின் கண் பழகிய காடி அது.

இந்த ஆண்டு தேர்தலுக்காக எல்லோரும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் துடைத்து எண்ணெய் போட அவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது காடி அகலமாக இருந்தது. அத்தனை பேர் முன்னிலையிலும் கத்தினேன்.

"என் கணவரை அரம் வைத்து அறுத்துவிட்டீர்கள்!"

"அம்மா, ஒரு நிமிஷம்..."

"பேச வேண்டாம்."

நான் பிஸ்டலை ஒப்படைத்துவிட்டு, கழகத்துக்கு வருவதையே நிறுத்தினேன்.

தேர்தல் முடிந்து பிஸ்டல் கைக்கு வந்தது. அந்த ஞாயிறு காலை, கோபம் ஆறாமலே சுட்டேன். முள் தானாக நடுவில் வந்து நின்றது. பத்து விநாடிக்குள் ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அந்தத் தாளோடுதான் காத்திருந்தேன்.

பென்னலூரில் அவருடைய மனைவி கஸ்தூரி என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். பஞ்சுக்குள் என் கணவரின் பின் சைட், கீறல்கூட இல்லாமல்.

"புதுசா ஒண்ணு செஞ்சி மாட்டினாராம். 'அந்தம்மா கோவம் தணிஞ்சி வரட்டும், குடுத்துடலாம்'னு சொல்லிக்கினே இருந்தாரு."

ஒரு திருகாணியைக் கழற்றினால் மாறிவிடும் தகடு. சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும். அதைத்தான் நான் தரவில்லை. கை வைக்கக் கூடாது என்றேன், அவர் வைக்கவில்லை.

இலக்குத் தாளை மடித்து, அவர் மார்பில் கிடந்த மாலைக்கு அடியில் வைத்தேன். தீப்பெட்டி இப்போது என் கணவரின் படத்தருகே இருக்கிறது. பிஸ்டலில் இருப்பது உங்கள் காடிதான், ஏழுமலை. அதை மாற்ற மாட்டேன். இரு பக்கமும் வெளிச்சம் சமமாகத் தெரிகிறது. போய் வாருங்கள்.