டீனுக்கு வாங்கிய பொன்னாடை

2009ஆம் ஆண்டுக்குரிய என் கொப்பி நீல மட்டை போட்டது. ஒரு நாளுக்கு அரைப்பக்கம் என்பது என் கணக்கு. ஆனால் அந்த ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று மட்டும் நான்கு பக்கங்களைப் பிடித்திருக்கிறது. நான் அப்போது எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்குச் செயலாளர். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துவைக்கிற பழக்கம் அதற்கும் முந்தியது.

அதே கொப்பியின் முதல் ஐந்து மாதப் பக்கங்களை இங்கே திறக்கப்போவதில்லை. கோடை வந்தபோது எங்காவது போய்ப் புல்லில் இருந்து எதையாவது சாப்பிட வேண்டும் போல எல்லோருக்கும் இருந்தது. அதைச் சொன்னால் போதும்.

சங்கத்தின் கோடைச் சுற்றுலா வழக்கமாகக் கடற்கரைக்குத்தான் போகும். அந்த முறை தலைவர், பழைய பேராலயம் ஒன்று உள்ள சின்ன நகரம் ஒன்றைத் தெரிவுசெய்தார். நகரின் பெயரை எழுதுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். லண்டனுக்கு வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தலைவர் இல்ஃபோர்ட்டில் கார் ஓட்டப் பழக்குகிறவர். வரலாற்றிலோ கட்டடக்கலையிலோ அவருக்கு நாட்டம் இருந்ததாக எந்தக் குறிப்பும் என்னிடம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு படம். எங்கள் அயலூர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் அவர்களுடைய தலைவர் ஒரு மேயருக்குப் பொன்னாடை போர்த்துகிற படம் முழுப்பக்கத்தில், கலரில் வந்திருந்தது. எங்கள் தலைவர் அந்த மலரைக் காரிலேயே வைத்திருந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார் என்று அவரிடம் கார் பழகிய பிள்ளைகள் சொல்வார்கள். ஒக்டோபரில் எங்கள் மலர் வரவேண்டும். அதே ஒக்டோபரில் அவருடைய பதவிக்காலமும் முடிகிறது. அந்தப் பேராலயத்தின் தலைமைக் குருவை டீன் என்பார்கள். அந்த டீனுக்கு ஒரு பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துவிட்டால் மேயர் எம்மாத்திரம் என்பது அவருடைய எண்ணம்.

அதற்காக அவர் பேராலய அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வந்தது. குழுவாக வருகிறவர்களை வரவேற்கிறோம், மாலைப் பாட்டு வழிபாட்டில் நீங்களும் இருக்கலாம், குருமார் யாராவது அந்த நேரம் நின்றால் வணக்கம் சொல்வதில் மகிழ்ச்சி அடைவார்கள். இவ்வளவுதான். நான் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதில் டீன் வருவதாக ஒரு சொல்லும் இல்லையே என்றேன்.

“ஐசே, நீர் எதிலையும் ஓட்டை பிடிக்கிற ஆள்,” என்றார் தலைவர். “இங்கிலீசுக்காரர் எதையும் நேராச் சொல்லமாட்டினம்.”

எட்டு மணிக்குப் புறப்பட வேண்டிய கோச் 9.22க்குப் புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் தலைவரின் மனைவி பொரித்துக்கொண்டிருந்த மட்டன் றோல்ஸ். அவற்றின் மணம் ஏறியபிறகு யாரும் குறை சொல்லவில்லை. தலைவர் சாரதிக்குப் பின்னால் இருந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்க்கும்படியும் சிக்னலை முந்திப் போடும்படியும் முப்பது வருடம் கோச் ஓட்டிய அந்த மனிதருக்கு வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் மைக்கை வாங்கி, டீன் எங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று அறிவித்தார். கோச் முழுவதும் கைதட்டியது.

பதினொரு மணிக்கு மேல் நிலம் தட்டையானது. கறுத்த மண். ஒரு குன்று கிடையாது. வாய்க்கால்களில் தண்ணீர் வீதியைவிட உயரத்தில் ஓடியது. அந்தத் தட்டையின் நடுவில் பேராலயம் எழுந்து நின்றது. கண்ணுக்குத் தெரிந்ததே தவிர நெருங்குகிற மாதிரி இல்லை. வீதி வளைய வளைய, வலப்பக்கம் நின்றது இடப்பக்கம் வந்தது, ஒருமுறை எங்களுக்குப் பின்னாலும் போனது. சாரதி வழி தவறிவிட்டார் என்று தலைவர் தீர்மானித்தார். சாரதி வண்டியை ஒரு பீற்றூட் வயலோரம் நிறுத்திவிட்டு இறங்கிப்போய்ச் சிகரெட் பற்றவைத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் பெண்கள் வயல் வரம்பில் ஏதோ கீரையைக் கண்டுபிடித்து, அது என்ன கீரை என்று சண்டை பிடித்தபடியே மூன்று பைகள் நிறையப் பிடுங்கிவிட்டார்கள்.

நகரம் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு கடைத்தெரு, ஒரு ஆறு, ஆற்றில் சில வீட்டுப்படகுகள், தேநீர்க்கடைகளில் ஆளை ஆள் பார்த்துக் கிசுகிசுக்கிற வயதான தம்பதிகள். எல்லாத் தெருவும் கடைசியில் பேராலயத்தில்தான் போய் முடிந்தது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபோது, நடுக்கோபுரத்தின் மர விதானத்திலிருந்து வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் வாய் மூடியதை அன்றுதான் முதன்முதலாகக் குறித்தேன். தலைவர் மட்டும் மேலே பார்க்கவில்லை. பொன்னாடை இருந்த பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தூணுக்குத் தூண் டீனைத் தேடிக்கொண்டிருந்தார். குங்கும நிறத்தில் பொற்கரை போட்ட பொன்னாடை. மொத்தம் ஒன்றுதான் கொண்டுவந்திருந்தோம்.

நாலு மணிக்குப் பிறகு பக்கக் கதவொன்றின் வாசலில் ஒருவரைக் கண்டோம். நீண்ட சிவப்பு அங்கி, அதன்மேல் வெள்ளை மேலாடை, நரைத்த தாடி, கோவில் தேரை நிறுத்திவைத்த மாதிரி ஒரு உடம்பு. பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து முட்டைச் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இவர்தான்,” என்றார் தலைவர்.

டீன் வாசலில் நின்று பெட்டியில் சாப்பிடமாட்டார் என்றேன்.

“ஏன், பெரிய ஆக்களுக்குப் பசிக்காதோ?”

நான் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் தலைவர் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். தலைவர் மனப்பாடம் செய்துவந்த ஆங்கில உரையை ஆரம்பித்தார். எங்கள் பாடசாலையின் தோற்றம், அதன் அதிபர்கள், இரு சமயங்களுக்கும் உள்ள உறவு என்று நான்கு நிமிடங்கள் போயின. அந்த மனிதர் பாதிச் சான்ட்விச்சைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். ஆங்கிலேயருக்கு உரிய ஒரு துன்பம் அது. இடையில் மறித்து, நீங்கள் நினைக்கிற ஆள் நான் இல்லை என்று சொல்வதைவிட அவர்கள் உயிரை விடுவார்கள்.

4.17க்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பொருளாளர் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். தலைவரின் மனைவி குனிந்து அந்த மனிதரின் காலைத் தொட்டு வணங்க, அவர் திடுக்கிட்டுத் தானும் குனிய, இருவருடைய தலையும் முட்டிக்கொண்டது. இன்னொரு அம்மா தன் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து அவருடைய கைக்குக் கீழே நிறுத்தினார். வேறு வழியில்லாமல் அவர் பிள்ளையின் தலையில் கையை வைத்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். உடனே மற்றப் பிள்ளைகளும் வரிசையில் வந்தார்கள். ஒன்பது பேரை ஆசீர்வதித்தார்.

கூட்டம் கலைந்தபிறகு தலைவரும் நானும் மட்டும் நின்றோம். அந்தத் தாடிக்காரருடைய கண் கலங்கியிருந்தது. இருபத்தாறு வருடமாகப் பாடுகிறேன், ஒருவரும் எனக்கு இப்படிச் செய்ததில்லை என்றார். எங்கே பாடுகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். கோடையில் பேராலயப் பாடகர்களுக்கு விடுமுறையாம். வெளியூர்க் குழுக்கள் வந்து பாடுமாம். இவர் அப்படி வந்த ஒரு குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். வார நாட்களில் வீடுகளைச் சூடாக்குகிற பொய்லர்களைத் திருத்துகிற வேலை. வீடு எங்கே என்றேன். தெருவின் பெயரைச் சொன்னார். தலைவருடைய வீட்டிலிருந்து நாலாவது தெரு.

அவர் தன்னுடைய தொழில் அட்டையைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தலைவர் அட்டையைப் பார்த்தபடி நின்றார். ஒரு புறா வந்து கீழே விழுந்திருந்த முட்டையைச் சாப்பிட்டது.

“இதை எழுதிப்போட்டீரோ?”

“ஓம்.”

“நேரத்தோடையோ?”

“நாலு பதினேழு.”

“வேற ஆருக்கும் தெரியவேண்டாம் ஐசே. மனுசிக்கும்தான்.”

அவருடைய மனைவிக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

மாலை வழிபாடு முடிந்து வெளியே வரும்போது பெரிய வாசலில் மெலிந்த, உயரமான ஒரு குருவானவர் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் உண்மையான டீன் என்று பக்கத்தில் நின்ற பெண்மணி சொன்னார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன்.

“பொறும். கேட்டு வாங்கிக்கொண்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு அவர் பக்கக் கதவை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். போர்த்திய பொன்னாடையைத் திருப்பிக் கேட்ட சம்பவம் எதுவும் எங்கள் சமூகத்தில் பதிவாகியிருப்பதாக எனக்குத் தெரியாது. அதை நான் எப்படி எழுதுவது என்பதே அப்போது என் கவலை.

பாடகர்கள் உடை மாற்றும் அறையின் கதவு திறந்திருந்தது. எங்கள் ஆள் அங்கியைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சேட்டுக்கு மேல் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்களைக் கண்டதும் அவர், இவர்தான் நான் சொன்னவர், என்று எல்லோருக்கும் தலைவரை அறிமுகப்படுத்தினார். பத்துப் பேர் தலைவருக்குக் கை கொடுத்தார்கள்.

 தலைவர் முன்னே போய், பொன்னாடையின் மடிப்பை அவருடைய இடத் தோளில் நேராக்கி விட்டு, இப்படித்தான் போடவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

வாசலில் டீனுக்கும் கை கொடுத்தோம். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்டார். இல்ஃபோர்ட் என்றதும், இன்று பாடிய குழுவிலும் ஒருவர் அங்கிருந்துதான் என்றார். தெரியும், என்றார் தலைவர். படம் எடுக்கப் பொருளாளரை அவர் கூப்பிடவில்லை.

செப்டெம்பரில் மலர் வேலை ஆரம்பித்தது. படம் முழுப்பக்கம், கலர். அதன் கீழே போடவேண்டிய வசனத்துக்காகத் தலைவர் ஆறு தரம் போன் எடுத்தார். டீன் என்று போட முடியாது என்று நான் சொன்னேன். பெரியவர் என்று போடச் சொன்னார். உடம்பைப் பார்த்தால் அது பொய்யில்லை, ஆனாலும் ஏலாது என்றேன். கடைசியில் நான் எழுதியது இது: ‘பேராலய வாசலில் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்பட்டவருடன் எமது தலைவர்.’ ஒரு சொல்லும் பிழையில்லை. வாசித்தவர்கள் எல்லோரும் டீன் என்றே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல. ஒக்டோபரில் தலைவர் போட்டியில்லாமல் மறுபடியும் தெரிவானார்.

டிசெம்பரில் பனி கொட்டியது. கிறிஸ்மஸுக்கு முந்திய வாரத்தில் ஒரு காலை, 10.40க்கு, தலைவரின் மனைவி எனக்குப் போன் எடுத்தார். குரல் மிகவும் மெதுவாக வந்தது.

“அண்ணை, வீட்டிலை பொய்லர் நிண்டுபோச்சு. இவர் வேலைக்குப் போகேக்கை, ஆரோ வருவினம், கதவைத் திற எண்டு சொன்னவர். திறந்தா, அண்ணை, அந்தப் பெரிய சாமியார் நிக்கிறார்.”

“இப்ப எங்கை நிக்கிறார்?”

“குசினியிலை. முழங்காலிலை.”

பொய்லருக்கு முன்னாலையோ என்று கேட்டேன். ஓம் என்றார். சாமி விளக்கைக் கொளுத்தவோ, சாமியார் அதை விரும்புவாரோ என்று கேட்டார். உண்மையைச் சொல்ல, நான் தலைவருக்குக் கொடுத்த வாக்கு விடவில்லை. அவர் வந்த அலுவலை முடிக்கட்டும், தேத்தண்ணி மட்டும் கொடுங்கள் என்றேன். போனை வைக்காமலே அவர் போனார். தூரத்தில் கோப்பைச் சத்தமும் ஒரு அடிக்குரல் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டன.

11.05க்கு மறுபடியும் போனுக்கு வந்தார். இப்போது அழுகிற குரல்.

“அண்ணை, அவர் எழும்பினார். வீடு சூடாகுது.”